மாப்பிள்ளைக்குக் கட்டியது

தள்ளாதிய அண்ணாச்சி, பூட்டியிருக்கு. தள்ளுனா தாப்பா நெளிஞ்சிரும். இப்படி வந்து நாற்காலியில உக்காருங்க. இது நான் உக்கார்ற நாற்காலிதான், பரவால்ல, இன்னைக்கு நீங்க உக்காருங்க. நான் படியில இருந்துக்கிடுதேன்.

தொறந்து காட்டத்தான் போறேன். காட்டாம அனுப்புவனா? உங்க மக கேட்டதே அது ஒண்ணுதானே. தரகர் சொன்னாரு. நகை நட்டு கேக்கல, தனிக்குடித்தனம் கேக்கல. எம் மவனுக்கு இது ரெண்டாங் கல்யாணம், ஒண்ணாப்பு போற ஒரு பொம்பளப் புள்ள இருக்குன்னு சொன்னதுக்குக்கூட முகத்தச் சுளிக்கலியாம். ‘அந்த வீட்டுல கக்கூஸ் இருக்கா, நான் அதுல போகலாமா, இத மட்டும் எங்கப்பா நேர்ல பார்த்துட்டு வரட்டும்’னுட்டாளாம். நல்ல புள்ள. வெவரமான புள்ள. எம் பொஞ்சாதி சொர்ணத்துக்கிட்டச் சொல்லிச் சிரிச்சேன். ஏட்டி, இந்த ஊர்லயே மொதக் கக்கூஸ் யாரு வீட்டுதுன்னு அந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லலியான்னு.

ஏன் பூட்டுன்னு கேக்கிய. கேக்கணும். பெத்தவன் கேப்பான். பஸ்ஸ விட்டு எறங்குனதும் டீக்கடையில விசாரிச்சிருப்பிய. அங்க என்ன சொன்னானுகன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பஸ்ஸுல கண்டக்டர். முன் படியில கிளம்புன ஒரு பேச்சு பின் படிக்கு வந்து சேர்றதுக்குள்ள எப்படி மாறும்னு என்னைய விட யாருக்குத் தெரியும்? நான் சொல்லுததக் கேளுங்க. பொறவு நீங்களே முடிவு பண்ணுங்க.

இது மாப்பிள்ளைக்குக் கட்டுனது.

எம் மக சென்னையில இருக்கா. மாப்பிள்ளை பேங்குல வேலை. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வந்த மனுசன், விடிஞ்சதும் சோப்பும் துண்டுமா வாசல்ல நிக்காரு. எங்க போகணும்னு கேக்காரு. எம் மவன் குளத்தங்கரைப் பக்கம் கையக் காட்டுறான். அவரு கொஞ்ச தூரம் போனாரு, திரும்பி வந்துட்டாரு. மத்தியானப் பஸ்ஸுக்கே கிளம்பிட்டாரு. அதுக்குப் பொறவு ஒரு பொங்கலுக்கு வரல, கோயில் கொடைக்கு வரல. எம் மக போன்ல அழுதா. ஊர்ல ஒருத்தன் நடுத்தெருவுல வச்சு, ‘என்ன கண்டக்டரே, மாப்பிள்ளை அடக்கிக்கிட்டே சென்னைக்கு ஓடிட்டாராமே’ன்னான். அன்னைக்கு முடிவு பண்ணுனேன்.

வீட்டுக்குப் பின்னால வைக்கலாம்னு கொத்தனார் சொன்னாரு. நான் ஒத்துக்கல. மாப்பிள்ளை ஆட்டுக்கொட்டாயத் தாண்டி, சாணியத் தாண்டிப் போகணுமா? முன்னாலயே வையுங்க, வாசலுக்கு எதுத்தாப்புல, வர்றவன் போறவன் பார்க்கட்டும்னேன். பாருங்க, வீட்டுக்குள்ள இருந்து பார்த்தாலும் தெரியும், தெருவுல நின்னு பார்த்தாலும் தெரியும். குழியும் அப்படித்தான். அவரு சிமெண்டு உறை எறக்க எறக்க, இன்னும் கீழ போங்க, இன்னும் கீழ போங்கன்னேன். மேல ஏறி வந்து தலையில கெடந்த மண்ணத் தட்டிக்கிட்டு, ‘கக்கூஸ்தானே மொதலாளி கட்டுறோம்? எறைச்சுக் குடிக்கிறதுக்கு இல்லையே?’ன்னாரு. சிரிச்சோம். ஆனா அவரு கட்டிட்டுப் போயிருவாரு, நிறைஞ்சா யாரு அள்ளுவா? இந்தக் காலத்துல யாரு வாரா? வந்தாலும் அவுகள எந்த வாசல் வழியா விடுறது? அதான். நிறையவே கூடாது. எங்காலம் வரைக்கும், எம் மவன் காலம் வரைக்கும் நிறையக் கூடாது. அதுக்குப் பார்த்துப் பொழங்கணும். நான் சொன்னது அது ஒண்ணுதான். பார்த்துப் பொழங்கணும். போகாதேன்னு நான் ஒரு நாளும், ஒருத்தருக்கும் சொன்னதில்ல.

ஆவுடைத்தங்கம். என் மருமக. பேரு உங்க காதுல விழுந்திருக்கும்.

அவள மாதிரி ஒரு புள்ளையப் பார்க்க முடியாது. நான் இருக்கிற எடத்துல நிக்க மாட்டா. நான் வாரேன்னு தெரிஞ்சா கதவுக்குப் பின்னால போயிருவா. இந்த வீட்டுல அவ குரலு எப்படி இருந்துச்சுன்னு இப்ப யோசிச்சா எனக்கு ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைதான் அண்ணாச்சி… சரி, அத விடுங்க.

வெள்ளிக்கிழமையானா இதக் கழுவுறது அவதான். யாரும் பொழங்கலியேன்னு விட மாட்டா. பல்லி எச்சம் இருக்கும், தூசி இருக்கும்ல. மாப்பிள்ளை பொங்கலுக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனாருன்னா, அவரு பஸ் ஏறுன கையோட இவ வாளியத் தூக்கிட்டு வந்துருவா. சுத்தத்துல அவள மிஞ்ச ஆளில்ல. மாப்பிள்ளையே சொன்னாரு, ‘எங்க ஆபீஸ்லகூட இப்படி இல்ல மாமா’ன்னு. ஆவுடை காதுல விழட்டும்னு நான் சத்தமா, ‘கேட்டியாட்டி சொர்ணம்?’னேன். பாராட்டுனா எனக்கு மறைக்கத் தெரியாது.

அவளா? அவ வெளியதான் போவா. எல்லாப் பொம்பளைகளும் வெளியதான். சொர்ணத்துக்கு நாலு சுவத்துக்குள்ள போனா வராதாம், பொழுது சாஞ்சுதான் போவா, அப்படியே பழகிட்டா. விடியுமுன்ன இந்தத் தெருவுல ஒரு சத்தம் கேக்கும் அண்ணாச்சி. ஒருத்தி வாசல்ல நின்னு அடுத்த வீட்டுக்காரியக் கூப்புடுவா, அவ அதுக்கடுத்த வீட்டுக்காரிய. பேரு சொல்லிக் கூப்புடுறதில்ல. ‘ஏளா, வாரியா?’ அம்புட்டுத்தான். அப்படியே தெரு நெடுகப் போகும். செம்பத் தூக்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, கருவேலங்காட்டுக்குப் போவாளுக. மாமியா கதை, புருசன் கதை எல்லாம் அங்கதான். நானும் நினைச்சேன், பொம்பளைகளுக்கு அது ஒரு சந்தை மாதிரி, நாம எதுக்கு அதக் கெடுக்கணும்னு.

பொறவு ஒவ்வொரு வீடாக் கட்டுனானுக. எல்லாம் என்னையப் பார்த்துத்தான். ஒரு வீட்டுல கட்டுனா ஒரு குரல் குறையும். போன மாசம் கூப்புட்டவ இந்த மாசம் கூப்புட மாட்டா. கடைசியில ஆவுடையும் மூணாம் வீட்டு சண்முகத்தாயும்தான் மிச்சம். பொறவு சண்முகத்தாய் வீட்டுலயும் கட்டிட்டாக. அதுல இருந்து காலையில தெரு அமைதியாயிருச்சு.

அந்தச் சண்முகத்தாய் ஒரு நாள் வந்தா. நான் இங்க உக்காந்திருக்கேன். விடியக்காலம் எந்திரிச்சா நேரா இங்க வந்துருவேன், காத்து வரும். ‘என்ன சித்தப்பா, கக்கூஸுக்குக் காவலா? யாரும் தூக்கிட்டுப் போயிருவாகளோ?’ன்னா. வாய்க்காரி. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

‘ஆவுடை இப்ப ஒத்தையில போறா சித்தப்பா. நாலுவழி ரோடு வந்ததுல இருந்து பழைய எடத்துல உக்கார முடியல. லாரி லைட்டு அடிக்கையில எல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கணும். அதனால உள்ள தள்ளிப் போறா. அங்க பாழுங்கெணறு ஒண்ணு கருவேலம் மூடிக் கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?’

‘நம்ம வீட்டுலயேதான் இருக்கே தாயி’ன்னேன். ‘நான் வேண்டாம்னா சொன்னேன்?’

அவ என்னையப் பார்த்தா. கக்கூஸ் கதவப் பார்த்தா. ‘நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சித்தப்பா. காலையில நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உக்காந்தாப் போதும்’னா.

பாருங்க அண்ணாச்சி. என் வீட்டு வாசல்ல நான் எந்தப் பக்கம் பார்த்து உக்காரணும்னு மூணாம் வீட்டுக்காரி சொல்லுதா. கேட்டுக்கிட்டு இருக்கணுமா?

ஆவுடை இதுக்குள்ள போகவே இல்லன்னு சொல்ல முடியாது. ஒரு தடவை போனா. கொடைக்கு மறுநாள், வயித்துப்போக்கு. நான் இங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். சேலையத் தலைக்கு மேல இழுத்துவிட்டுக்கிட்டு, வாளிய மறைச்சுக்கிட்டு என்னையத் தாண்டிப் போனா. நான் பேப்பர எறக்கல. மரியாதை தெரியாதவனா நான்? தொண்டையச் செருமினேன். செருமல் வந்துச்சு, செருமினேன். உள்ள ரொம்ப நேரமாச் சத்தமே இல்ல. பொறவு தண்ணி ஊத்துறா. ஊத்துறா, ஊத்துறா, நிறுத்தவே இல்ல. ‘சொர்ணம், அம்புட்டுத் தண்ணியும் குழிக்குத்தானட்டி போகுது’ன்னேன். சொர்ணத்துக்கிட்டச் சொன்னேன். அவகிட்ட இல்ல.

மறுநாள் கடப்பாரைய வச்சு நெம்பி, குழி மூடியத் தூக்கி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். எம்புட்டு ஏறியிருக்குன்னு பார்க்கணும்ல? கட்டுனவன் நான், பார்க்கக் கூடாதா? தெருவுல போனவன் நின்னுட்டான். ‘என்ன கண்டக்டரே, உள்ள யாரும் டிக்கெட் எடுக்காம ஏறிட்டாகளா?’ன்னான். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அங்க நின்ன எல்லாரும் சிரிச்சோம். நிமிர்ந்து பார்க்கேன், ஆவுடை ஜன்னல்ல நிக்கா. இடுப்புல புள்ள. பார்த்துட்டு உள்ள போயிட்டா.

ஒரு சண்டை இல்ல, ஒரு அழுகை இல்ல. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு போட்டு வச்சா, எப்பவும் போலக் கதவுக்குப் பின்னால நின்னா. மனசுல ஏதாவது இருந்திருந்தா அப்படி நிப்பாளா? அதுக்குப் பொறவு இந்தக் கதவுப் பக்கம் வெள்ளிக்கிழமை மட்டும் வருவா. கழுவ.

பொழுது சாஞ்சா அவ தண்ணி குடிக்கிறதில்ல, ராச்சோறும் பேருக்குத்தான்னு சொர்ணம் பிற்பாடு சொல்லுதா. எனக்கு எப்படித் தெரியும்? மருமக எம்புட்டுத் திங்கா, எம்புட்டுக் குடிக்கான்னு மாமனாரா அளந்து பார்ப்பான்? அசிங்கமில்ல?

கார்த்திகை மாசம் அது. பனி. வெயில் வந்துருச்சு, எனக்குக் காப்பி வரல. காப்பிக்குத்தான் கூப்புட்டேன். சொர்ணம் உள்ள இருந்து வந்து, ‘ஆவுடை இன்னும் வரலியே’ங்கா. வாசல் தெளிக்காமக் கெடக்கு. எம் மவன் செந்தூர்பாண்டி கடை தொறக்கப் போயிருந்தான், சொல்லி விட்டோம், ஓடி வந்தான். சண்முகத்தாய்தான் நேரா அந்தக் கெணத்துக்குப் போனா. அவ போட்ட சத்தத்துலதான் ஊருக்குத் தெரியும்.

பாழுங்கெணறுன்னா தண்ணி கெடையாது அண்ணாச்சி. பாறைதான்.

செம்பு மேல இருந்துச்சு. கெணத்து ஓரத்துல, நேரா, தண்ணி சிந்தாம. அத வச்சுத்தான் டீக்கடையில இன்னும் பேசுதானுக. தவறி விழுந்தவ செம்ப எப்படி நிமிர்த்தி வச்சிருப்பாங்கானுக. ஏம்லே, உக்காரப் போறவ செம்பக் கீழ வைக்க மாட்டாளா? ரோட்டுப் பக்கம் இருந்து லைட்டு அடிச்சிருக்கும். பழக்கத்துல எந்திரிச்சிருப்பா. மறைவா நிக்கணும்னு ஒரு எட்டு பின்னால வச்சிருப்பா. அதான் நடந்திருக்கும். போலீஸ்காரரும் அப்படித்தான் எழுதுனாரு. அவளுக்கு என்ன குறை இந்த வீட்டுல? நான் அவள ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீங்க யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. ஒரு வார்த்தை.

பூட்டுக்கு வாரேன். அதத்தானே கேட்டிய.

பதினாறாம் நாள் கும்பிட்டு முடிஞ்சு வந்தவுகள்லாம் போயாச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை, கருக்கல்ல இங்க உக்காந்திருக்கேன். உள்ள தண்ணி ஊத்துற சத்தம். ஒரு செம்பு. கொஞ்சம் நிப்பு. இன்னொரு செம்பு. மாப்பிள்ளை வந்திருக்காரோன்னு ஒரு நிமிசம் நினைச்சேன்னா பாருங்களேன். எந்திரிச்சுப் போயிக் கதவத் தொறக்கேன். ஆளில்ல. தரை காஞ்சு கெடக்கு. கைய வச்சுப் பார்த்தேன், சொட்டு ஈரம் இல்ல.

சொர்ணத்துக்கிட்டச் சொன்னேன். ‘எனக்குக் கேக்கல’ன்னா. செந்தூர்பாண்டிகிட்டச் சொன்னேன். சாப்புட்டுக்கிட்டு இருந்தவன், ‘கேக்குதா? நல்லாக் கேளுங்க’ன்னுட்டுக் கையக் கழுவிட்டுப் போயிட்டான். அதுல இருந்து எங்கூட அதிகமாப் பேசுறதில்ல. கடை வேலை. கடையப் பெருசு பண்ணிட்டான், ஓய்வு இல்ல. உங்க மக வந்தா சரியாயிரும்.

குழாய் எதுவும் கசியுதோன்னு கொத்தனாரக் கூட்டிட்டு வந்தேன். ‘குழாயே இழுக்கலியே மொதலாளி, வாளித் தண்ணிதானே’ன்னாரு. அதுவும் சரிதான். குழி மூடியத் தூக்கிப் பார்த்தோம். அடிமண்ணு தெரியுது. பேசுனாத் திருப்பிப் பேசுது. கொத்தனார் குனிஞ்சவரு ரொம்ப நேரம் நிமிரல. அவருதான் கட்டுனவரு, அவருக்குத் தெரியாதா, எம்புட்டு எடம் காலியாக் கெடக்குன்னு. கூலி குடுக்கப் போனேன், வாங்காமப் போயிட்டாரு. என்னன்னு தெரியல.

அவதான் அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா? கழுவ வாரா. வேற எதுக்கு வரப் போறா? பொழங்கவா? சேச்சே, அப்படிப்பட்ட புள்ள இல்ல. கழுவத்தான். முந்தி வெள்ளிக்கிழமை மட்டும் கேட்டுச்சு, இப்ப தெனமும் கேக்குது. அதான் பூட்டுனேன், பூட்டுனா வரமாட்டான்னு. பூட்டுன பொறவும் கேக்குது. நீங்க அங்க போயி உக்காராம இருந்தா கேக்காதுங்கா சொர்ணம். நான் எதுக்கு எந்திரிக்கணும்? காத்து இங்கதான் வருது. அதோட, நான் எந்திரிச்சுப் போயிட்டா அவ வந்தது யாருக்குத் தெரியும்?

வருச தெவசம் குடுத்தாச்சு. புதுசா ஒரு பொம்பளப் புள்ள காலு வச்சு வந்து விளக்கேத்துனா இதெல்லாம் நின்னுரும்னு எல்லாரும் சொல்லுதாக. நானும் அத நம்பித்தான் தரகருக்கிட்டச் சொன்னேன்.

வாங்க, தொறக்கேன். சாவி இந்தா இடுப்புலதான் இருக்கு. கொஞ்சம் இறுகும்… ம். பாருங்க. எட்டிப் பாருங்க, செருப்போட வேண்டாம். தரையப் பாருங்க, முகம் தெரியும். பீங்கான் ஓரத்துல ஒட்டியிருக்க கம்பெனிக் காயிதம்கூட இன்னும் உரிக்கல, பார்த்தியளா? இம்புட்டு வருசத்துக்கு இந்தச் சுத்து வட்டாரத்துல ஒரு கக்கூஸ் இப்படிப் புதுசா இருந்தாக் காட்டுங்க. உங்க மககிட்டச் சொல்லுங்க, நான் கண்ணால பார்த்தேன்னு.

என்ன கேள்வி அண்ணாச்சி இது? தாராளமாப் போகலாம். அவ வீடு. நான் வேண்டாம்னு சொல்லுவனா? அப்படிச் சொல்லுத ஆளா நான்? பார்த்துப் பொழங்கணும், அம்புட்டுத்தான். மழைக்காலத்துல, புள்ளத்தாச்சியா இருக்கையில, அவசரம் ஆத்திரம்னா… மத்தபடி அது பொம்பளைக பேசி முடிவு பண்ணிக்கிட வேண்டியது. சொர்ணம் சொல்லிக் குடுப்பா.

நாற்காலியா? நாற்காலி இங்கதான். அத எங்க கொண்டு போறது?

கிளம்பிட்டியளே. இருங்க, காப்பி வருது. சொர்ணம், அண்ணாச்சி கிளம்பிட்டாக பாரு, சீக்கிரம் கொண்டா. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு, எனக்குத் தெரியாத பஸ்ஸா?

யாரு, வடிவா? வா தாயி. கொல்லை வழியா வந்து ஏன் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்க? அந்தத் தண்ணி டப்பாவக் கீழ வச்சிட்டு வா. எம் பேத்தி அண்ணாச்சி. அம்மை ஜாடை அப்படியே. வணக்கம் சொல்லு இவுகளுக்கு. வெக்கப்படுதா. ஏன் நொண்டுற? எங்க, காலத் தூக்கி என் மடியில வை. கருவேல முள்ளு, ஒடிஞ்சு உள்ளயே நிக்குது. சொர்ணம், ஒரு ஊக்கு எடுத்துட்டு வா. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, தை பொறந்ததும் வச்சுக்கிடுவமா, இல்ல உங்க மககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு… ஆட்டாத தாயி. காலை ஆட்டாத. இந்தா, வந்துருச்சு.